ஜெபக் குறிப்பில் ஒரு பெயர்

மெட்டுகுடா, செகந்திராபாத்
8 ஜூலை 1979

அன்புள்ள தம்பி ரூஃபஸ்,

இங்கே சுகம். வழக்கமாக இதற்குப் பிறகு மழை, மண்ணெண்ணெய், சபைச் செய்தி என்று சுற்றி வளைத்து நாலாம் பக்கத்தில்தான் விஷயத்துக்கு வருவேன் என்று கேலி செய்வாய். இன்றைக்கு நேரே வருகிறேன். உட்கார்ந்து படி.

உன் மகள் சாரா தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறாள். தவறுதலாக அல்ல, தெரிந்தே. சாக வேண்டும் என்ற எண்ணமா என்று அவளிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "இல்ல அத்தை, சாக இல்ல. மனசு தாங்காமப் போறப்ப என்ன செய்யுறதுன்னு தெரியல" என்றாள். இப்போது சாப்பிடுகிறாள், கல்லூரிக்குப் போகிறாள், காயங்கள் ஆறி வருகின்றன. இந்த வரியை இரண்டு தரம் படித்துவிட்டு மேலே போ.

ஜூன் வேக்காட்டிலும் அவள் முழுக்கைக் குர்த்தாவை விடவில்லை. கேட்டால் கல்லூரியில் அதுதான் பாஷன் என்றாள். மறுநாள் கொசு என்றாள். அதற்கடுத்த நாள் அலர்ஜி. இருபத்தெட்டு வருஷமாக ரயில்வே ஆபீசில் லீவு விண்ணப்பம் படிக்கிறவள் நான். ஒரே மாமனாரை மூன்று முறை அடக்கம் பண்ணினவர்களை எல்லாம் பார்த்தாயிற்று. என்னிடமா? ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வாயில்லை. ஒரு வருஷமாக ஒரே வீட்டில், ஒரே பானைச் சோறு. அவள் அம்மா லோயிஸ் இறந்துபோன கொஞ்ச நாளிலேயே இது ஆரம்பித்துவிட்டதாம். எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

தெரிந்ததும் நான் செய்த காரியத்தையும் கேள். "என்னட்டி இது, கோட்டிக்காரி மாதிரி! ஒங்க அப்பனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று கத்தினேன். பிறகு வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து அவள் கையை அதன்மேல் வைத்து, இனிமேல் செய்ய மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். நம் வீட்டில் வேறு என்ன தெரியும்? பல்லைக் கடித்துக்கொண்டு சத்தியம் பண்ணினாள். நானும் பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாக ஆபீசுக்குப் போனேன்.

மூன்று நாள்தான். மறுபடி நடந்தது. ஆனால் இந்தத் தடவை என்னிடம் மறைக்க அவள் பட்ட பாடு இருக்கிறதே! என் முகத்தைப் பார்க்கவில்லை, குடும்ப ஜெபத்தில் வாய் திறக்கவில்லை. கடைசியில் காய்ச்சல் கண்டது. அடுத்த குவார்ட்டர்ஸ் ஜுலைகாவைக் கூப்பிட்டேன். ரயில்வே ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர், உனக்குத் தெரியும். சாராவின் ஞானஸ்நானத்துக்குப் பிரியாணி செய்து கொடுத்தவள். அவள் வந்து, வேலையைப் பார்த்து முடித்துவிட்டு, என்னை அடுக்களைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"கனகம்மா, எதுக்கு சத்தியம் வாங்கினீங்க? சத்தியம் நக்கோ, வேண்டாம். முன்னே பொண்ணுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. இப்போ கடவுள்கிட்டயும் பொய் சொல்லிட்டோம்னு இன்னொண்ணு. ரெண்டு ஆச்சு."

என் நாற்பத்தொன்பது வயதில் ஒருத்தி எனக்கு இப்படி உறைக்கும்படி சொல்லி நான் கேட்டதில்லை. நேரே போய்ச் சாராவின் கட்டிலில் உட்கார்ந்து, "அந்தச் சத்தியம் செல்லாதுட்டி. கேட்டது என் தப்பு. எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். வந்து சொல்லு. முந்திச் சொன்னாலும் சரி, பிந்திச் சொன்னாலும் சரி, திட்ட மாட்டேன்" என்றேன். அவள் யோசித்தாள். "அழுவீங்களா?" என்று கேட்டாள். "அழுதா அடுக்களைல போய் அழுதுக்கிடுதேன்" என்றேன். சிரித்துவிட்டாள். ஒரு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

உனக்கு எழுதலாமா என்று அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டு நாள் யோசித்து, சரி என்றாள். இதைப் பற்றி அவளுக்கு நீ எதுவும் எழுத வேண்டாமாம். வேறு ஒருவருக்கும் தெரிய வேண்டாமாம். இவ்வளவு சின்னப் பெண் இவ்வளவு பெரிய சம்மதம் தந்திருக்கிறாள். காப்பாற்று.

உன் அக்கா,
கனகமணி


பிலாய்
15 ஜூலை 1979

பாசமுள்ள அக்காவுக்கு ரூஃபஸ் எழுதுவது.

தங்கள் கடிதம் கிடைத்தது. ஷிஃப்ட் முடிந்து வந்து படித்தேன். யூனிஃபார்மைக் கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என் மகளா? சண்டே ஸ்கூலில் வருஷா வருஷம் பரிசு வாங்கியவள். தாயை அடக்கம் பண்ணின அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கல்லறையில் நின்று கீர்த்தனை பாடியவள். பிலாய் முழுக்க அந்தச் சாட்சியைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து இது வந்தது? கல்லூரியில் யாராவது சிநேகிதியா? சினிமாவா? நீங்கள் செல்லம் கொடுத்ததா? எழுதிவிட்டேன், மன்னியுங்கள். அடித்துவிட்டுப் புதுத் தாளில் எழுதப் பொறுமை இல்லை.

நான் செய்ய நினைப்பது இதுதான். முதலாவது, அவளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தி இங்கே அழைத்துக்கொள்வது. என் கண் முன்னால் இருக்கட்டும். இரண்டாவது, நாக்பூர் பக்கம் ஒரு ஜெப வீடு இருக்கிறது. நாற்பது நாள் அங்கே வைத்திருந்தால் விடுதலை கிடைக்கும் என்கிறார்கள். மூன்றாவது என்று எழுதிவிட்டுப் பத்து நிமிஷமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் வரவில்லை. மில்லில் முப்பது பேருக்கு வேலை சொல்கிறவன் நான். என் பிள்ளைக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஜுலைகா அம்மாவின் உதவிக்கு நன்றி. ஆனால் பிள்ளை என்ன செய்தாலும் திட்டமாட்டேன் என்று சொல்வது என்ன வைத்தியம் என்று எனக்குப் புரியவில்லை. கண்டிப்பு இல்லாமல் எந்தப் பிள்ளை உருப்பட்டது?

வெளியே சொல்ல மாட்டேன். அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டிய தகப்பனுக்கு அதைச் சொல்லித் தர வேண்டாம். ஜெபத்துக்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். அதை நீங்கள் ஆட்சேபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் தம்பி,
ரூஃபஸ்


மெட்டுகுடா
29 ஜூலை 1979, ஞாயிறு மாலை

ரூஃபஸ்,

ஜெபத்துக்கு மட்டும் ஒரு ஏற்பாடு! நல்ல ஏற்பாடு செய்தாய் போ.

இன்று காலை ஆராதனையில், வழக்கம்போல, ஜெபக் குறிப்புகளைப் படிக்கத் தாயம்மாள் எழுந்தாள். மாதர் ஐக்கியக் காரியதரிசி. நல்ல மனுஷி, அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வந்த கடிதத்தை ஓர் எழுத்து பிசகாமல் படித்தாள். மல்காஜ்கிரியில் ஒருவருக்குக் கண் ஆபரேஷன். ஒரு பையனுக்கு வேலை. அடுத்து: "பிலாயிலிருந்து சகோதரர் ரூஃபஸ் எழுதுகிறார். மெட்டுகுடா கனகமணி அம்மாள் வீட்டில் தங்கிப் படிக்கும் தன் மகள் சாரா, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கத்திலிருந்து விடுதலை அடைய..."

நாலாவது வரிசையில் சாரா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இருநூறு பேர், தம்பி. இருநூறு பேரும் கண்ணை மூடிக்கொண்டு அவளுக்காக ஜெபித்தார்கள். பாதிப் பேர் ஒரு கண்ணைத் திறந்து அவள் கையைப் பார்த்தார்கள். ஊர் உலகத்தில் வேறு யாருக்கு இப்படி ஒரு தவறு செய்ய வரும்? மற்றவர்கள் வம்பு பேசித்தான் இரகசியத்தைக் கெடுப்பார்கள். நாம் முழங்காலில் நின்று கெடுக்கிறோம்.

என்ன செய்தாள் தெரியுமா உன் மகள்? ஆமென் சொல்லும்வரை இருந்தாள். பிறகு எழுந்து, ஓடாமல், தலை குனியாமல், நடுப்பாதை வழியாக நடந்து வெளியே போனாள். நான் செருப்பைக்கூடத் தேடாமல் பின்னால் போனேன். வாசலில் ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்து, "பிள்ளே, ஏன்மா இப்படி?" என்று ஆரம்பித்தார்கள். "எனக்கு இப்ப பேச முடியல ஆன்ட்டி" என்றாள். அவ்வளவு மரியாதையாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். தட்டலாமா, உடைக்கலாமா, ஜுலைகாவைக் கூப்பிடலாமா என்று தவித்தேன். ஐந்து நிமிஷம் இருக்கும். கதவு தானாகத் திறந்தது.

"அத்தை, இன்னைக்கு எனக்கு என்னை நெனச்சே பயமா இருக்கு. கூட இருங்க" என்றாள்.

ரூஃபஸ், நம் குடும்பத்தில் பேசப்பட்ட எத்தனையோ பெரிய வார்த்தைகளைக் கேட்டிருக்கிறேன். அப்பா செய்த பிரசங்கங்கள் உட்பட. இதற்கு நிகரான தைரியத்தை நான் கேட்டதில்லை. நடப்பதற்கு முன்னால் வந்து சொல்லியிருக்கிறாள். இருநூறு பேர் முன்னால் அப்பன் தோலை உரித்த அதே நாளில்!

கூட இருந்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல் ஆபீசில் நான் சேர்த்து வைத்திருக்கிற வேடிக்கை லீவுக் காரணங்களைச் சொன்னேன். எருமை கன்று போட்டதற்கு மகப்பேறு விடுப்பு கேட்டவர் கதைக்கு வந்தபோது என் மடியில் படுத்திருந்தாள். ஜுலைகா சேமியா கொண்டுவந்தாள். மத்தியானம் கடந்தது. இன்று ஒன்றும் நடக்கவில்லை. இப்போது ஜுலைகா வீட்டில் கேரம் ஆடிக்கொண்டிருக்கிறாள். சத்தம் இங்கே கேட்கிறது.

கல்லறையில் கண்ணீர் விடாமல் பாடினாள் என்று பெருமையாக எழுதியிருந்தாயே. ஏன் பாடினாள் என்று நினைவிருக்கிறதா? "அழுதா சாட்சி கெட்டுப்போயிரும், அம்மா பரலோகத்துலதான் இருக்கா, பாடு" என்று நீ அவள் காதில் சொன்னாய். பதினேழு வயதுப் பிள்ளை பாடினாள். நானும் பக்கத்தில் நின்று தோளில் தட்டிக் கொடுத்தேன். அதனால்தான் எல்லாம் வந்தது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அன்றைக்கு அழவிட்டிருக்கலாம். உன்னைத் திட்டுவதில் பாதி என்னையும் சேர்த்துத்தான்.

இப்போது வராதே. அவளை அழைத்துப் போகும் பேச்சும் வேண்டாம். என் வாசலில் நின்றாலும் அனுப்ப மாட்டேன்.

கனகமணி


பிலாய்
6 ஆகஸ்ட் 1979

அக்காவுக்கு,

பெயரை நான் போடச் சொல்லவில்லை, தாயம்மாள் அம்மாள்தான் போட்டார்கள் என்று ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அது பொய். நான்தான் எழுதினேன். பெயர் சொல்லி ஜெபித்தால்தான் பெலன் உண்டு என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். ஊரெல்லாம் தெரியும் என்று ஒரு நிமிஷமும் தோன்றவில்லை. சபை எனக்கு ஊர் இல்லை, வீடு. அங்கே சொல்வது வெளியே சொல்வதாகவே எனக்குப் படவில்லை.

அவள் நடுப்பாதை வழியாக நடந்து போனதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கல்லறையில் நான் சொன்னது நினைவிருக்கிறது. மறக்கவில்லை. அவளை அழ விட்டால் நானும் அங்கேயே விழுந்துவிடுவேன் என்று இருந்தது. சபைப் பெரியவர்கள் எட்டுப் பேர், ஆயர், மில் ஜெனரல் மானேஜர் எல்லாரும் நின்றார்கள். நான் விழாமல் இருக்க என் மகளைப் பாட வைத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஜெப வீட்டுக்கு எழுதியிருந்தேன். வேண்டாம் என்று தந்தி கொடுத்துவிட்டேன்.

நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள். செய்கிறேன்.

ரூஃபஸ்


மெட்டுகுடா
9 செப்டம்பர் 1979

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, சாராவிடம் சொன்னபடியே அடுக்களையில் போய் அழுதேன். கோபம் போய்விட்டது. முழுவதும் போகவில்லை, தீபாவளிக்குள் போய்விடும்.

இங்கே நடப்பதை எழுதுகிறேன். ஜுலைகா ஒரு டாக்டரைப் பிடித்துக் கொடுத்தாள். மனநல டாக்டர். பெயர் ரமா. வியாழக்கிழமை தோறும் போகிறோம். பெரிய கண்ணாடியும் ஊக்குக் குத்திய நூல்புடவையுமாக ஒரு சின்ன உருவம். முதல் நாள் நான் சாராவைப் பற்றி எல்லாவற்றையும் ஆதியோடந்தமாக விளக்க ஆரம்பித்தேன். "நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க அம்மா" என்றாள். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! முக்கால் மணி நேரம் சுவரில் இருந்த குடும்பக் கட்டுப்பாட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாரா வெளியே வந்தபோது முகம் வீங்கி இருந்தது, ஆனால் லேசாக இருந்தது. என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு நான் பட்ட கஷ்டத்துக்கு ரயில்வே எனக்கு ஒரு மெடல் தர வேண்டும்.

ஜுலைகாவும் சாராவும் இந்தியில்தான் பேசிக்கொள்கிறார்கள். பிலாயில் வளர்ந்த பிள்ளைக்கு மனசு திறக்கிற மொழி அதுதான் போலிருக்கிறது. இந்த வீட்டில் ஒரு வருஷம் தமிழில் "சுகமா இருக்கேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஜுலைகாவின் 'நக்கோ'வைக் கேலி செய்வாள், சாராவின் இந்தி புத்தக இந்தி என்று ஜுலைகா திருப்பிக் கேலி செய்வாள். அந்த மனுஷி எட்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வந்து, சலிக்காமல் என் பிள்ளையோடு கேரம் ஆடுகிறாள். இவளுக்கு எங்கிருந்து இவ்வளவு மனசு என்று நான் திகைத்துப் போகிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய். ஆனால் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். போன வாரம் மறுபடி ஒரு தரம் நடந்தது. லோயிஸின் பிறந்தநாள் அன்று. முன்னால் சொல்ல முடியவில்லை, பின்னால் வந்து சொன்னாள். "அத்தை, இன்னைக்கு முடியல" என்றாள். நான் காயத்தைக் கழுவிக் கட்டினேன். காபி போட்டேன். இருவரும் குடித்தோம். பிறகுதான் அவள் அம்மாவைப் பற்றிப் பேசினாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவை. டாக்டர் ரமாவிடம் போய் எல்லாம் பாழாகிவிட்டதா என்று நான் கேட்டேன். "வந்து சொன்னா இல்ல? அதைப் பாருங்க" என்றாள்.

அதைத்தான் பார்க்கிறேன். தன்னிடமே பயந்துகொண்டு, அந்தப் பயத்தோடு நடந்து வந்து, ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாளே, அதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும்! நம் குடும்பத்தில் ஒருவருக்கும் அது இல்லை. எனக்கு இல்லை, உனக்கு இல்லை, பிரசங்க பீடத்தில் சிங்கம்போல நின்ற அப்பாவுக்கும் இல்லை. இந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொள்கிறேன்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஆராதனைக்குப் போவதில்லை. ஆறு வாரமாயிற்று. போன ஞாயிறு அவளே சொன்னாள்: "நீங்க போங்க அத்தை. எனக்காக நிக்காதீங்க. நான் ரெடியானதும் வரேன்." நான் போகவில்லை. அவள் வரும்போது சேர்ந்து போகலாம்.

தசராவுக்கு நீ வரலாம் என்கிறாள். அவளே சொன்னாள், நான் கேட்கவில்லை. வா. அறிவுரை எதையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதே.

கனகமணி


பிலாய்
17 செப்டம்பர் 1979

அக்காவுக்கு,

செப்டம்பர் 29-ஆம் தேதி புறப்படுகிறேன். நாக்பூரில் வண்டி மாறி மறுநாள் வந்து சேர்வேன்.

சில சந்தேகங்கள். சிரிக்காமல் பதில் எழுதுங்கள். அவளைப் பார்த்ததும் கட்டிப்பிடிக்கலாமா? அவள் கையைப் பார்க்கலாமா, பார்க்காதது போல இருக்க வேண்டுமா? ஜெபக் குறிப்பு விஷயத்துக்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். வந்த உடனேயா, கொஞ்சம் பழகின பிறகா? பழகின பிறகு என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள், என் சொந்த மகளோடு.

மில்லில் புது மெஷின் வந்தால் முதலில் மானுவல் வரும். இதற்கு மானுவல் இல்லை.

ரூஃபஸ்


மெட்டுகுடா
22 செப்டம்பர் 1979

தம்பி,

சிரித்துவிட்டேன், என்ன செய்ய.

கட்டிப்பிடிக்கலாமா என்று அவளையே கேள். கையைப் பார்க்கும்படி இருந்தால் பார், தேடாதே. மன்னிப்பை மட்டும் ஆறப்போடாதே, செருப்பைக் கழற்றும் முன்னால் கேட்டுவிடு. விளக்கம் வேண்டாம். 'ஆனால்' என்ற வார்த்தையே வரக் கூடாது.

அவள் உன்னோடு பேசாமல் போனால் போகட்டும். நீ வந்ததைப் பார்ப்பாள் அல்லவா.

இரண்டாம் தேதி ஆபீஸ் லீவு. மூன்றிலிருந்து எனக்கு வேலை உண்டு. லீவு போடலாம் என்றால் மேலதிகாரி ராமசுவாமி என் விண்ணப்பத்தையே சந்தேகத்தோடு பார்க்கிறார். பகலில் நீங்கள் இருவரும்தான்.

கனகமணி


பிலாய்
10 அக்டோபர் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று வந்து சேர்ந்தேன். வீடு தூசியாக இருக்கிறது. துடைக்காமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உங்களிடம் அவ்வளவு எழுதியும், என் பெட்டியில் அவளுடைய டி.சி. கேட்டு டைப் அடித்த விண்ணப்பம் ஒன்று இருந்தது. தேதி மட்டும் போடவில்லை. பிள்ளையை நேரில் பார்த்துவிட்டு, அவசியம் என்றால் கொடுத்துவிட்டு அழைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். உங்களை நான் முழுதாக நம்பவில்லை. அது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வாசலில் மன்னிப்புக் கேட்டதை நீங்கள் பார்த்தீர்கள். "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு என் பையை வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு நாள் காபி, செய்தித்தாள், "சாப்பிட்டீங்களா" என்பதைத் தவிர எங்களுக்குள் ஒன்றுமில்லை. தாயம்மாள் அம்மாள் வீட்டுக்கு நான் போய், இனி யார் பெயர் வந்தாலும் அந்த ஆளைக் கேட்காமல் படிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்ததைக்கூட அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் ஜுலைகா அம்மாவும் அவளோடு சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சும்மா சொல்லவில்லை அக்கா, எனக்குப் பொறாமையாக இருந்தது. அதோடு ஒரு பெரிய மரியாதையும். நான் நாலு தாளில் எழுதிக் கட்டளையிட்டதைக் காட்டிலும், நீங்கள் ஒரு டம்ளர் காபியை அவள் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்ததில் அதிகம் இருந்தது. என் அக்காவை நாற்பது வருஷமாக வாயாடி என்றே நினைத்திருந்தேன். பேசாமல் இருக்க உங்களுக்கு இவ்வளவு தெரியும் என்று தெரியாது.

இப்போது உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

புதன்கிழமை, மூன்றாம் தேதி, நீங்கள் ஆபீசுக்குப் போய்விட்டீர்கள். ஜுலைகா அம்மாவும் டூட்டியில். இரண்டு மணி இருக்கும். நான் கூடத்தில் உட்கார்ந்து உங்கள் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சரி செய்துகொண்டிருந்தேன். சாரா அறையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அப்பா, இன்னைக்கு எனக்குச் சரியில்ல. தனியா இருக்கப் பயமா இருக்கு" என்றாள்.

அக்கா, அந்த நிமிஷம் என் வாயில் மூன்று பிரசங்கங்கள் வந்து நின்றன. கண்டிப்பு ஒன்று, ஆறுதல் ஒன்று, ஜெபம் ஒன்று. மூன்றையும் எப்படி முழுங்கினேன் என்று தெரியவில்லை. "நான் என்னம்மா செய்யட்டும்?" என்று கேட்டேன். என் ஆயுளில் அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். எங்கயும் போகாதீங்க. அவ்வளவு போதும்."

போகவில்லை. தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, எழுந்து போய் அடைக்க வேண்டும் போலக் கை பரபரத்தது. போகாதீங்க என்றாளே, அதனால் எழவில்லை. பிறகு அவள், அம்மாவுக்குக் கடைசி நேரத்தில் தன் குரல் கேட்டதா என்று கேட்டாள். தெரியாது என்று சொன்னேன். முன்பு என்றால், "கேட்டிருக்கும், பரலோகத்திலும் கேட்கிறது" என்று சொல்லி முடித்திருப்பேன். தெரியாது என்று சொன்னதும் அவள் அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். லோயிஸ் போய் இருபது மாதம், அக்கா. இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி வாய்விட்டு அழுதோம். நடுவில் அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே, "சாட்சி கெட்டுப்போயிரும்ப்பா" என்றாள். அழுகையோடு அழுகையாக அப்படி ஒரு சிரிப்பு வந்தது எனக்கு.

ஐந்தரைக்கு நீங்கள் வந்து, இருட்டில் என்ன செய்கிறீர்கள், பெரிய மனுஷர் ஒரு லைட்டைப் போடக் கூடாதா என்று சத்தம் போட்டீர்கள். நான் எழுந்து லைட்டைப் போட்டேன். அன்று ஒன்றும் நடக்கவில்லை. இனி நடக்கவே நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன்; அதை அவள் சொல்லவும் வேண்டாம். நீங்கள் இல்லாத வீட்டில், தன்னை இருநூறு பேர் முன்னால் நிறுத்தின இந்த அப்பனிடம், அவள் தானாக வந்து கேட்டாள். அவள் தாயிடம்கூட நான் இவ்வளவு தைரியத்தைப் பார்த்ததில்லை. என் மகளைப் பார்த்து நான் எழுந்து நிற்க வேண்டும்.

டி.சி. விண்ணப்பத்தைக் காசிப்பேட்டை தாண்டும்போது கிழித்துவிட்டேன். அவள் அங்கேயே இருக்கட்டும். உங்களோடு, ஜுலைகா அம்மாவோடு, வியாழக்கிழமை டாக்டரோடு. கிறிஸ்துமஸுக்கு நான் வருகிறேன். அவள் கூப்பிட்டிருக்கிறாள்.

பெரிய விடுதலை கிடைத்தால் சபையில் எழுந்து சாட்சி சொல்வது நம் வழக்கம். இங்கே ஆயர், பிரயாணம் எப்படி என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன்.

புதன்கிழமை நடந்ததை உங்களுக்கு எழுதலாமா என்று ஸ்டேஷனில் அவளிடமே கேட்டேன். வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி நடந்து யோசித்தாள். பிறகு, "அத்தைக்கு மட்டும்" என்றாள்.

தங்கள் தம்பி,
ரூஃபஸ்